அட்டை இல்லாத உடுப்பு

எதைக் கையில் கொடுத்தாலும் அவர் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். கல்யாண அழைப்பிதழ் கொடுத்தாலும் அப்படித்தான், பேரீத்தம்பழப் பெட்டி கொடுத்தாலும் அப்படித்தான். ஒருமுறை அக்கரைப்பற்றிலிருந்து யாரோ எங்கள் முதலாளி ஹாஜியாருக்கு எருமைத் தயிர் கொண்டுவந்து கொடுத்தார்கள். இவர் சட்டியைத் தலைக்கு மேலே தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். கருகிய மண்தான் இருந்தது. "ஒண்டுமில்ல" என்று கீழே வைத்தார். பிறகு எங்கள் எல்லோரையும் விட அதிகமாகத் தின்றதும் அவர்தான். வயிறு மட்டும் பார்கோடு கேட்கவில்லை.

கல்முனை பஸாரில் ஒரு துணிக்கடையில் நான் காசு மேசையில் இருந்தேன். அவர் அங்கே மெனேஜராக வந்தவர். பெயர் சொல்ல மாட்டேன். அவருக்கு மனைவி பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. நேரில் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிட்டோம். அவர் அந்தப் பக்கம் போனதும் பீப் காக்கா என்போம். ஸ்கேனரை இடுப்புப் பட்டியில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவார். அவர் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வரும்.

கட்டாரில் ஒரு பெரிய ஸ்டோரில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவர் வரும்வரை எங்கள் கடையில் விலை சேல்ஸ்மேன்களின் வாயில்தான் இருந்தது. உறையின் மூலையில் தங்களுக்கு மட்டும் விளங்கும்படி பென்சிலால் ஏதோ கிறுக்கி வைத்திருப்பார்கள். ஆளைப் பார்த்து விலை ஏறும், ஆளைப் பார்த்து இறங்கும். பெருநாள் முடிந்து பார்க்கும்போது சாமான் குறைந்தால் ஹாஜியார் எல்லோருடைய சம்பளத்திலும் கை வைப்பார். இவர் வந்து ஒவ்வொரு உடுப்பின் அட்டையிலும் கோடு போட்ட ஸ்டிக்கரை ஒட்டி, எந்தப் பகுதியில் எது குறைந்தது என்று திரையில் காட்டினார். செய்யாத பிழைக்குச் சம்பளம் வெட்டுவது நின்றது. அதற்காக அவருக்கு நான் துஆ கேட்டிருக்கிறேன். இதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பிறகு சொல்லப் போவதில் நியாயம் இருக்காது.

"கதை வேணாம், ஸ்கேன் பண்ணிக் காட்டு." இதுதான் அவருடைய பேச்சு. சேல்ஸ்மேன் ஒருவன் இந்தச் சாரன் நேற்றுத்தான் வந்தது என்றால் இப்படிச் சொல்வார். ஹாஜியாரே வந்து இந்தச் சாரி நன்றாக ஓடுகிறது என்றாலும் இதைத்தான் சொல்வார், கொஞ்சம் மரியாதையாக.

ஒருநாள் சாய்ந்தமருதிலிருந்து ஒரு பெண், மகனுக்கு வாங்கிய சேர்ட்டைக் கொண்டு வந்தாள். ஒரே கழுவலில் சாயம் போயிருந்தது. அட்டையும் இல்லை, பில்லும் இல்லை. இவர் சேர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்மட சாமான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

"ஒங்கட கையாலதானே தம்பி, பையில போட்டுத் தந்த? நேத்து முந்தநாள்தானே எடுத்த!"

"நீங்க என்ட மூஞ்சியப் பாத்திருப்பீங்க. நான் ஒங்கட மூஞ்சியப் பாக்கல்லயே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அந்தப் பெண் சேர்ட்டைச் சுருட்டிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ சொல்லியபடி படியிறங்கிப் போனாள். நாங்கள் சிரித்தோம். அப்போதெல்லாம் அது சிரிக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது.

ஏன் இப்படி ஆனார் என்பதையும் அவரே எனக்குச் சொன்னார். மாரி மழை ஊற்றி, பஸாரில் ஒரு ஈ காக்கை இல்லாத பின்னேரம். பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டார்ல ஒரு பெட்டி ஃபோன் காணாமப் போன. என்ட பகுதி. நான்தான் எடுத்த எண்டு அரபி மொதலாளி வேலையால நிப்பாட்டிட்டான். எனக்குப் பக்கத்துக் கட்டில்ல படுத்தவன் நம்மட ஊர்க்காரன். அவனும் ஒரு சொல் செல்லல்ல. மறுகா அந்தப் பெட்டி எந்த நேரம் எந்த வாசலால போன எண்டு மெஷின்ல வந்த. அந்த நேரம் நான் வேற வாசல்ல சாமான் எறக்கிட்டு நிக்கன், அதுவும் மெஷின்ல இரிக்கி. அரபி எனக்கிட்ட மன்னிப்புக் கேட்டான்." தேநீரை ஒரு வாய் குடித்தார். "ஒரு மனிசனும் எனக்காக வாய் தொறக்கல்ல புள்ள. மெஷின்தான் தொறந்த."

அன்றைக்கு அவரை நான் என் கூடப்பிறந்த காக்கா மாதிரியே நினைத்தேன்.

பெண்கள் பகுதியில் சமீனா என்று ஒரு பிள்ளை நின்றாள். நிந்தவூர்க்காரி. வாப்பா இல்லை. காலையில் பஸ்ஸால் வந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்குவாள். கூடப்பிறந்த அக்காவைப் போல என்னை ராத்தா, ராத்தா என்று சுற்றி வருவாள். அட்டாளைச்சேனையில் ஒரு மாப்பிள்ளை பேசி, ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு நிக்காஹ் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளையின் படத்தை ஃபோனில் எனக்கு எத்தனை தரம் காட்டினாள் என்று அவளுக்கே ஞாபகம் இருக்காது.

இனி எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தெரிந்த வீட்டுக்காரர் என்றால் துணிக்கடையில் பத்துப் பன்னிரண்டு உடுப்பைப் பொட்டணியாகக் கட்டி வீட்டுக்குக் காட்டக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் பெண்கள் விரித்துப் பார்த்து, பிடித்ததை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புவார்கள். நோயாளிகள், பிள்ளை பெற்றவர்கள், புருஷன் மௌத்தாகிப் போய், நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தா இருப்பவர்கள் எல்லோரும் கடைக்கு எப்படி வருவது? பொட்டணியை எண்ணிக் கொடுப்போம், எண்ணி வாங்குவோம். ஒருவரும் ஏமாற்றியதாக நான் கேள்விப்படவில்லை.

மெனேஜர் காக்காவுக்கு இது கண்ணில் காட்டக்கூடாத விஷயம். அவருடைய கொம்பியூட்டரில் ஒரு சாமான் கடையில் இருக்கும், அல்லது விற்றிருக்கும். காட்டப் போயிருக்கிறது என்று சொல்ல அதில் இடமில்லை. கொழும்பிலிருந்து அந்த மென்பொருளைப் போட்டுத் தந்த பொடியனிடம் கேட்டுப் பார்த்தார். அவனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "அப்ப பொட்டணி இனி இல்ல" என்று அறிவித்தார். "வேணுமெண்டா பில் போட்டு எடுத்துப் போகட்டும். புடிக்கல்லயெண்டா பில்லோட திருப்பித் தரட்டும்." ஹாஜியாரும் தலையாட்டினார். ஆனால் பழகிய வீட்டுக்காரர் வந்து நின்றால் சேல்ஸ்மேன்கள் பின்பக்கத்தால் பொட்டணியைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்த வருடம் நோன்புக்கு முன்னால் அவருடைய வாப்பா மௌத்தானார். உம்மா இத்தாவில் இருந்தார். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிய ஒருநாள், இவர் ளுஹர் தொழப் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து இவருடைய தங்கச்சி கடைக்கு வந்தாள். முகம் மூடியிருப்பாள், ஆனால் இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கும் அந்த நடை எனக்குத் தெரியும்.

"உம்மாக்குத் தொழுற உடுப்பு காட்டணும். காக்கா அறிஞ்சா ஏசுவார்" என்று சமீனாவிடம் கெஞ்சினாள்.

மெனேஜரின் வீட்டுக்கே இல்லை என்று எந்தப் பிள்ளை சொல்லும்? சமீனா துருக்கியிலிருந்து வந்த தொழுகை உடுப்புகளை ஒரு பொட்டணியாகக் கட்டிக் கொடுத்தாள். இரண்டு நாளில் பொட்டணி அப்படியே திரும்பி வந்தது. உம்மாவுக்குப் புதிது வேண்டாமாம். கடை நிறையச் சனம். சமீனா மடிப்பைப் பார்த்து எண்ணினாள், சரியாக இருந்தது, அடுக்கிவிட்டாள். கழுத்துக்குள் அட்டை தொங்குகிறதா என்று ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்க அவளுக்கு ஏது நேரம்?

பெருநாள் முடிந்து மெனேஜர் காக்கா ஸ்கேனரோடு கடை முழுவதும் கணக்கெடுத்தார். பெண்கள் பகுதிக்கு வந்ததும் சில வெள்ளைத் தொழுகை உடுப்புகளை எடுத்துத் தரையில் போட்டார். "இது நம்மட சாமான் இல்ல" என்றார். பிறகு திரையைப் பார்த்தார். துருக்கி உடுப்பு குறைகிறது என்று திரை சொன்னது. சமீனாவைக் கூப்பிட்டார். கடைக்காரர் எல்லோரும் நின்றோம், இரண்டு மூன்று வாடிக்கையாளர்களும் நின்றார்கள்.

"காக்கா, கொறையுதெண்டு செல்றது இதுதான்" என்று சமீனா தரையைக் காட்டினாள். "இந்தா கெடக்கு, எண்ணிப் பாருங்க."

"கதை வேணாம். ஸ்கேன் பண்ணிக் காட்டு."

ஸ்கேனரை அவளுடைய கையில் கொடுத்தார். அந்தப் பிள்ளை குனிந்து ஒரு உடுப்பை எடுத்து, வெறும் துணியில் அதை வைத்து அமர்த்தினாள். சிவப்புக் கோடு வெள்ளைத் துணியில் நடுங்கியது. சத்தம் வரவில்லை. கழுத்துப் பக்கம் வைத்தாள், கைப்பக்கம் வைத்தாள், திருப்பி வைத்தாள். அவளுடைய மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் துணியில் விழுந்தது. அந்தத் துணியைக் கையால் தொட்டாலே அது எந்த நாட்டுத் துணி என்று எந்தப் பெண்ணும் சொல்வாள். அவர் தொடவேயில்லை.

"துருக்கிச் சாமானக் கொண்டு போய்ட்டு இஞ்ச ஊர்ல தெச்சத வெச்சிரிக்கிறா" என்றார் ஹாஜியாரிடம். ஏதோ வானிலை சொல்வது போலச் சொன்னார்.

அப்போதுதான் சமீனா, பொட்டணி உங்கள் வீட்டுக்குத்தான் போனது என்றாள். அவர் கமெராவைப் போட்டுப் பார்த்தார். கறுப்பு அபாயாவில் ஒரு பெண் பொட்டணியோடு வாசலால் போகிறாள். இவர் அதை நிறுத்தி நிறுத்தி மூன்று தரம் பார்த்தார். "இந்தா போகுது சாமான். இது ஆரு? இவள்ட கூட்டாளி" என்றார். கூடப் பிறந்த தங்கச்சி காலை இழுத்து இழுத்துத் திரையில் நடக்கிறாள், அவருக்குத் தெரியவில்லை.

நான் காசு மேசையை விட்டு எழுந்து வந்தேன். "காக்கா, அது ஒங்கட தங்கச்சி. நான் என்ட கண்ணால கண்ட. பொட்டணி திரும்பி வந்ததையும் கண்ட."

"நீ கண்டது எங்க பதிஞ்சிரிக்கி?"

"எனக்காக ஒரு மனிசனும் வாய் தொறக்கல்ல எண்டு எனக்கிட்டச் சொன்னீங்களே. இந்தப் புள்ளைக்காக நான் தொறக்கிறன். கேளுங்களன்."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்துத் தங்கச்சியைக் கூப்பிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். "நீ நம்மட கடையில பொட்டணி எடுத்தியா?" என்று கேட்ட குரலுக்கு எந்தத் தங்கச்சியும் ஓம் என்று சொல்ல மாட்டாள். "இல்ல காக்கா, நான் அங்கால வரவேயில்ல" என்றாள். உம்மாவிடம் கேளுங்கள் என்றேன், இத்தாவில் இருப்பவரை இதற்குள் இழுக்காதே என்று அதட்டினார். சமீனா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொலிஸ் வேணாம். பொம்புளப் புள்ள" என்றார் ஹாஜியார், பெரிய உபகாரம் செய்வது போல. அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். அவளுடைய பஸ் நிந்தவூர் போய்ச் சேருவதற்கு முன்னால் கதை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. தொழுகை உடுப்பைக் களவெடுத்தவள் என்றால் ஊர் சும்மா விடுமா? வேறு எதையாவது எடுத்திருந்தாலும் கொஞ்சம் பொறுத்திருப்பார்கள். அட்டாளைச்சேனைக்காரர் ஒரு மாமியை அனுப்பி, பொடியனுக்கு வெளிநாடு போக வேண்டி வந்துவிட்டது, இப்போதைக்கு நிக்காஹ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பொடியன் இன்றைக்கும் அட்டாளைச்சேனையில்தான் இருக்கிறான்.

தரையில் கிடந்த உடுப்புகளை இவர் விற்கவில்லை. ஹலாலா ஹராமா என்று தெரியாத சாமானைக் கடையில் வைக்கக்கூடாது என்று, சாக்கில் போட்டு ஒரு மத்ரஸாவுக்குக் கொடுத்துவிட்டார். அந்த விஷயங்களில் அவர் அவ்வளவு பேணுதலான மனிதர்.

இத்தா முடிந்து உம்மா வெளியில் வந்தார். கொஞ்ச நாளில் ஒரு காலைநேரம் மகன் வேலை செய்யும் கடைக்கும் வந்தார். தங்கச்சியும் கூட வந்தாள், ஆனால் வாசலோடு நின்றுவிட்டாள். உம்மா நேரே மெனேஜர் மேசைக்குப் போய், இடுப்பில் செருகியிருந்த லேஞ்சித் துணி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே அட்டைகள். ஒவ்வொன்றிலும் வாயெல்லாம் பல்லாக ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் முகம். பின்பக்கத்தில் எங்கள் ஸ்டிக்கர்.

"மகன், இந்தக் கூத்தப் பாரு. தொழுற உடுப்புல பொம்புளட படம்! வாப்பாக்கு ஓதுற அறைக்குள்ள படத்த வெச்சா மலக்குமார் வானத்தால எறங்கி வருவாங்களா? நான் எல்லாத்தையும் கழட்டித்தான் உடுப்ப உள்ளுக்கு வெச்ச. எனக்கு ஒண்டும் வேணாமெண்டு இவள்ட கையில திருப்பி அனுப்பிட்டன். இது மட்டும் அலுமாரியில கெடந்திட்டு. ஒங்கட மெஷினுக்குத் தேவைப்படுமோ எண்டு கொண்டு வந்தன்."

வாசலில் நின்ற தங்கச்சி வெளியே திரும்பிக்கொண்டாள். உம்மாவுக்கு எதுவும் தெரியாது. எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "என்ன புள்ளயள், பேயறைஞ்ச மாதிரி?" என்றார்.

மெனேஜர் காக்கா அட்டைகளைத் தன் பக்கம் இழுத்தார். இடுப்பிலிருந்த ஸ்கேனரை எடுத்தார். முதல் அட்டையைத் திருப்பி ஒளியைக் காட்டினார். பீப். அடுத்தது. பீப். அட்டைகள் முடியும்வரை காட்டினார். துருக்கி உடுப்புகள் எல்லாம் கடைக்குள் திரும்பி வந்துவிட்டதாகத் திரை சொன்னது. கடை அலுமாரித் தட்டில் ஒரு உடுப்பும் இல்லை.

"ஸ்டொக் சரி வந்திட்டு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"காக்கா, அப்ப சமீனா?" என்றேன்.

அவர் அட்டைகளை ஒரே கட்டாக அடுக்கினார். "வரச் செல்லு. வேலை இரிக்கி எண்டு செல்லு."

"எல்லாருக்கும் முன்னால கள்ளி எண்டு சொன்னது நீங்க. நீங்க போய்ச் செல்லுங்க."

"நீ போய்ட்டு வா புள்ள" என்றார். குரல் அடங்கியிருந்தது. அவருக்காக நான் போகவில்லை. அந்தப் பிள்ளைக்காக அன்று பின்னேரமே பஸ் ஏறினேன்.

நிந்தவூரில் சமீனா வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அவளுடைய உம்மா கதவைத் திறந்து என்னைக் கண்டதும் அழத் தொடங்கினார். சமீனா அழவில்லை. மெலிந்து, கன்னம் ஒட்டியிருந்தது. நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அட்டை கிடைத்ததைச் சொன்னபோது ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அவளிடம் முன்னர் கண்டதில்லை.

"ராத்தா, நான் கள்ளி எண்டு இந்த ஊருக்கே தெரியும். இல்ல எண்டு ஒங்கட கடைக்குள்ள நிண்டவங்களுக்கு மட்டும்தான் தெரியும். வேலை எனக்கு என்னத்துக்கு? அவர இஞ்ச வரச் செல்லுங்க. பள்ளிக்கு முன்னால நிண்டு, அட்டாளைச்சேனைக்கும் போய், அந்தப் புள்ள எடுக்கல்ல எண்டு ஸ்கேன் பண்ணிக் காட்டச் செல்லுங்க. மறுகா பாப்பம்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளுடைய உம்மா தந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.

அடுத்த நாள் கடையில் எல்லோரும் கேட்கும்படி, அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் அவரிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். இப்போது எழும்புவார், சேர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிந்தவூர் பஸ்ஸில் ஏறுவார் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். கட்டாரில் அரபி வந்து மன்னிப்புக் கேட்டதை எனக்குச் சொன்ன மனிதர் அல்லவா?

அவர் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு புது அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். வெள்ளை அட்டை. கோடுகளும் இலக்கமும் விலையும் மட்டும்தான்.

"பாரு, படம் இல்லாம நாமளே அச்சடிச்சு மாட்டுவம். இனி ஒருத்தரும் கழட்ட மாட்டாங்க."

காசு மேசையைப் பூட்டி, அதன் திறப்பை அந்த அட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் வெளியே வந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கோடுகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.